ஒன்றாம் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரை வாழ்க்கைத் திறன்: முழுப் பள்ளிக்கும் எப்படிக் கொண்டு போவது?

எருத்தேம்பதி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், நாலாம் வகுப்பு வரை உள்ள ஒரு எல்.பி. பள்ளியில் தமிழ் மீடியம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இந்த வருஷம் எங்கள் பள்ளியில் பேச்சு எழுந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை அதற்கு விட்டுவிடலாம், ஆளுக்கு ஒரு வாரம் எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சத்துணவில் முட்டை போடுகிற நாளில் எங்கள் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்தால் தெரியும். பாதிப் பிள்ளைகள் முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது உரித்துத் தர மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தன் தரையில் ஓங்கித் தட்டுவான், ஓட்டோடு சேர்ந்து வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிடும், அழுவான். சரி, சின்னப் பிள்ளைகள். ஆனால் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டோடு எழுந்து இரண்டாம் வகுப்பு வரிசைக்குப் போய்த் தங்கையிடம் முட்டையை நீட்டுகிறான். அவளும் தன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு அண்ணனுக்கு உரித்துக் கொடுக்கிறாள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

இதை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மாற்றுமா? எந்த வகுப்பில் எதைச் சொல்லிக் கொடுப்பது, எல்லா டீச்சர்களையும் எப்படிச் சேர்ப்பது, பெற்றோர் என்ன சொல்வார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம்_சார் (ஓய்வு பெற்ற ஹெச்.எம்.)

டீச்சர், நீங்கள் நினைப்பது சரி. தனிப் பீரியட் வைத்தால் அது கதை சொல்லும் நேரமாகவோ, விட்டுப்போன கணக்குப் போடும் நேரமாகவோ ஆகிவிடும். பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பத்துத் திறன்களைச் சொன்னது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, புதிதாக யோசிப்பது, எதையும் கேள்வி கேட்டுப் பார்ப்பது, தெளிவாகப் பேசுவது, பிறரோடு ஒத்துப் போவது, தன்னைத் தெரிந்துகொள்வது, அடுத்தவர் மனசை உணர்வது, கோபம் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாள்வது, மன அழுத்தத்தைத் தாங்குவது. ட்ரெயினிங் போனவர்கள் எல்லாரும் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதைச் சுவரில் ஒட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. ஆறு வயசுப் பிள்ளைக்கு முடிவெடுப்பது என்றால் என்ன? மழை வருகிற மாதிரி இருக்கிறது, குடை எடுக்கணுமா வேண்டாமா என்பதுதான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. பள்ளிக்கு ஒரே ஏணி வேண்டும். ஒன்றாம் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளைக்குத் தானே கை கழுவ, டிபன் டப்பா திறக்க, முட்டை உரிக்க, செருப்பு வார் மாட்ட, அப்பா அம்மா பெயரும் ஊரும் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டாம் வகுப்பில் போன் நம்பர் மனப்பாடம், பையை அடுக்குவது, சண்டை வந்தால் கையை ஓங்காமல் வாயால் சொல்வது. மூன்றில் கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது, பட்டன் தைப்பது, சின்னக் காயத்தைக் கழுவிக் கட்டுவது. நாலில் ஒரு வேளைக்கு எலுமிச்சை சாதமோ அவலோ செய்து பரிமாறுவது, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, ஒரு விஷயத்தை நாலு பேர் முன்னால் எழுந்து கேட்பது. கீழ் வகுப்பில் கற்றதை மேல் வகுப்பில் விட்டுவிடக் கூடாது. மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு இரண்டாம் வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். தடித்த முனையில்தான் உள்ளே காற்று இருக்கும். அங்கே முதலில் தட்டி, பிறகு உள்ளங்கைக்கும் தட்டுக்கும் நடுவில் மெதுவாக உருட்டி ஓடெல்லாம் நொறுங்கியதும், தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்து உரித்தால் சவ்வோடு வந்துவிடும். முதல் வாரம் நீங்கள் உரித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் அவர்கள் கையைப் பிடித்துச் செய்யுங்கள். அப்புறம் பக்கத்தில் நின்று பாருங்கள், கை வைக்காதீர்கள். கடைசிப் படிதான் டீச்சர்களுக்குக் கஷ்டம். மணி அடித்துவிடுமே என்று நாமே வாங்கி உரித்துவிடுவோம்.

மூணு_பிள்ளை_அப்பா

மன்னிக்கணும், ஒரு அப்பாவாகக் கேட்கிறேன். என் பையன் மூன்றாம் வகுப்பு. தமிழும் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறான், மலையாளமும் அப்படித்தான். முட்டை உரிப்பதும் பட்டன் தைப்பதும் வீட்டில் கற்றுக்கொள்வான். பள்ளிக்கூடம் வாசிக்க வைத்தால் போதும். டீச்சர்களுக்கு ஏற்கனவே ஆயிரம் வேலை, ஆன்லைனில் டேட்டா ஏற்றுவதற்கே நேரம் போகிறது. இதையும் சேர்த்தால் படிப்புதான் அடிபடும்.

எருத்தேம்பதி_டீச்சர்

அண்ணா, உங்கள் கவலை நியாயம். ஆனால் இரண்டையும் எதிரெதிராக வைக்க வேண்டாம். போன வாரம் கணக்கில் கழித்தல் எடுத்தபோது வகுப்பில் ஒரு பெட்டிக்கடை போட்டோம். கடலை மிட்டாய், பென்சில், ரப்பர். ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்கு வாங்கினால் மீதி எவ்வளவு? போர்டில் தப்பாகப் போட்ட பையன் கடையில் சரியாக எண்ணி வாங்கினான். முப்பத்தேழிலிருந்து நாற்பது, நாற்பதிலிருந்து ஐம்பது என்று மேலே எண்ணிப் போனான். அதே வழியைப் போர்டிலும் போடச் சொன்னேன், போட்டான். இதற்குத் தனி நேரம் எதுவும் எடுக்கவில்லை.

வீட்டில் கற்றுக்கொள்வான் என்றீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். வீட்டில் பெண் பிள்ளை கற்றுக்கொள்கிறாள், ஆண் பிள்ளை அவள் செய்ததைச் சாப்பிடுகிறான். 2024இல் கேரளத்தில் புதுப்பித்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சமையலறையில் அப்பா தேங்காய் துருவுகிற படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தை எடுத்தபோது என் வகுப்பில் கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு ஒரு பெண் மட்டும், எங்கப்பா செய்வாரு டீச்சர், அம்மா தோட்டத்து வேலைக்குப் போனா அவருதான் என்றாள். சிரித்தவர்கள் அவளிடம் என்னென்ன சமைப்பார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோவிந்தாபுரத்தான்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு விஷயம் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

வாழ்க்கைத் திறன் என்று ஆரம்பித்தால் அடுத்த வாரமே கூட்டுவதும் பெருக்குவதும் கழுவுவதும் வரும். நான் படித்த பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் கையில்தான் துடைப்பத்தைக் கொடுப்பார்கள். மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வேலை, சரஸ்வதி பூஜைக்குப் பூ அடுக்குவது அவர்கள் வேலை. எந்த டீச்சரும் சாதி பெயரைச் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. எங்கள் பக்கத்து அம்பேத்கர் காலனியில் தண்ணீர்க் குழாயிலும் டீக்கடையிலும் நடந்த தீண்டாமையைப் பற்றி 2017இல் பத்திரிகையெல்லாம் எழுதின. அது பழைய காலம் இல்லை.

ஜப்பானில் பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். நல்லதுதான். அங்கே எல்லாப் பிள்ளையும் குனிகிறது. இங்கே யார் குனிகிறார்கள் என்று முதலில் பாருங்கள். என் பெண் இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பட்டன் தைக்கட்டும், முட்டை உரிக்கட்டும், சந்தோஷம். ஆனால் துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன்.

வேலந்தாவளம்_சார்

தம்பி, நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

டீச்சருக்குச் சொல்கிறேன். வேலை பிரிப்பதை டீச்சர் வாய்க்கு விடக் கூடாது. நம்மை அறியாமலே, இவன் நல்லாச் செய்வான் என்று ஒருத்தனையே கூப்பிடுவோம். அந்த ஒருத்தன் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் வரிசைப்படி, ஆணும் பெண்ணும் கலந்து, வகுப்பைக் கூட்டுவதும் சோறு பரிமாறுவதும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். இன்று கூட்டுகிறவன் நாளை பரிமாற வேண்டும். அதை வெளிச்சுவரில் ஒட்டுங்கள், பெற்றோரும் பார்க்கட்டும். வரிசையில் டீச்சர் பெயரும் ஹெச்.எம். பெயரும் வர வேண்டும். கழிவறை பிள்ளைகள் வேலையே இல்லை. அதற்குக் கூலி கொடுத்து ஆள் போட வேண்டும், உறையும் பூட்ஸும் கொடுக்க வேண்டும். பிள்ளை கற்க வேண்டியது தான் போன பிறகு தண்ணீர் ஊற்றிவிட்டுக் கை கழுவுவது. அவ்வளவுதான்.

பரிமாறுவதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யார் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் நம் ஊரில் பழைய விஷம் ஒளிந்திருக்கிறது. ஆறு வயசில் எல்லார் கையாலும் வாங்கிச் சாப்பிட்டுப் பழகட்டும்.

நகரி_தறிவீடு

ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. தமிழ்ப் பிள்ளைகள்தான், பாதிப் பேர் தெலுங்கு மீடியம் படிக்கிறார்கள். உங்கள் ஏணியைப் பார்த்தேன் சார். எங்கள் பிள்ளைகள் ஏழு வயசிலேயே தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுவார்கள், அறுந்த நூலை முடிவார்கள், தம்பியைக் குளிப்பாட்டுவார்கள், கடைக்குப் போய் மீதி வாங்கி வருவார்கள். கை வேலை என்று பார்த்தால் நாலாம் வகுப்பு முழுவதும் பாஸ்.

ஆனால் வகுப்பில் புரியவில்லை என்று கை தூக்க மாட்டார்கள். பசிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ராத்திரி தார் சுற்றி உடம்பு வலித்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலையில் உதவலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் யாரும் கேட்பதும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை வேண்டாம், வேண்டாம் என்று சொல்லும் திறன் வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஏணி ஒத்து வராது. முதலில் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள், அப்புறம் படி போடுங்கள்.

எருத்தேம்பதி_டீச்சர்

இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றிங்க. ஜூன் மாதம் முழுக்க வெறுமனே கவனித்து எழுதலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், யார் வாய் திறக்கவே இல்லை.

பி.ஹெச்.சி._சிஸ்டர்

நான் பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். பள்ளிகளுக்குப் போவேன். நம் பகுதிக்கு அவசியமான சிலதைச் சொல்கிறேன், ஏணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது நாய். கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு தடவை கடிகாரம் வைத்து நிற்க வைத்துக் காட்டுங்கள். சின்னப் பிறாண்டல் என்று வீட்டில் மறைத்துவிடுவதுதான் உயிரை எடுக்கிறது. ரேபீஸ் வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை. பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? நாய்கிட்ட ஏன் போனே என்று அடி விழும் என்று பயம்.

பாம்பும் அப்படித்தான். ஓடக் கூடாது, கடித்த காலை அசைக்காமல் வைக்க வேண்டும், கத்திக் கூப்பிட வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், அதனால் வலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. 2019 நவம்பரில் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புப் பெண் இறந்துபோனாள். பிள்ளைகள் சொல்லியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமானது என்றுதான் கேரளம் முழுக்கப் போராட்டம் நடந்தது. ஆகவே இந்தப் பாடம் டீச்சர்களுக்கும்தான். ஒரு பிள்ளை வந்து சொன்னால் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு இன்னொன்று வாய்க்கால். ஆழியாற்றுத் தண்ணீர் விட்டால் வாய்க்கால் நிறைய ஓடும், கோடையில் பிள்ளைகள் குதிக்கத்தான் செய்வார்கள். கூட இருப்பவன் மூழ்கினால் பின்னாலேயே இறங்குகிறார்கள், இரண்டு உயிர் போகிறது. இறங்காதே, கத்து, காலிப் பிளாஸ்டிக் குடத்தையோ கேனையோ எறி, நீளக் கம்போ துண்டோ நீட்டு. பள்ளி மைதானத்தில் குடத்தை எறிந்து பழக்கலாம், நன்றாக விளையாடுவார்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளந்து கலக்கும். தீக்காயத்துக்கு இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீர், பேஸ்ட் பூசக் கூடாது. ஆம்புலன்ஸ் 108. மனப்பாடம் செய்ய வைத்தால் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தக் கோயில் பக்கம், எந்தத் திருப்பம் என்று போனில் சொல்லிப் பழக்குங்கள்.

சித்தூர்_அம்மா

சிஸ்டர், பிள்ளை வந்து சொன்னால் கேட்க வேண்டும் என்றீர்களே, அதைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். வாளையாரில் 2017இல் அக்கா தங்கை இரண்டு பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகி இறந்துபோனது நம் எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் நல்ல தொடுதல் கெட்ட தொடுதல் என்று எல்லாப் பள்ளியிலும் ஒரு நாள் கிளாஸ் எடுக்கிறார்கள், சார்ட் ஒட்டுகிறார்கள். மறுநாள் அதே பிள்ளையை, மாமாவுக்கு முத்தம் கொடு, மாட்டேன்னு சொன்னா மரியாதையா என்று வீட்டில் அதட்டுகிறோம். பிள்ளை எதை நம்பும்?

முடியாது என்று ஒரு பிள்ளை சொன்னால் சின்ன விஷயத்திலேயே அதை மதிக்க வேண்டும். கட்டிப்பிடிக்க வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கும்பிடட்டும், போதும். உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள், பெயர் தெரியாததை எப்படி வந்து சொல்லும்? நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பேரை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒருத்தர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடும் 1098 நம்பரும் தெரியட்டும். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். டீச்சரும் அதில் அடக்கம். பள்ளி மானம் போகும் என்று பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

மூணாறு_லயம்

எங்கள் எஸ்டேட்டில் அம்மாக்கள் காலையிலேயே கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே கிளம்பிப் பள்ளிக்கு வரும். சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்க்கச் சொல்வேன்: மழை நாளில் என்ன செய்வது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள், எல்லாம் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், இருந்த நம் ஜனங்கள். தொடர்ந்து மழை அடித்தால், ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சுவரில் புது வெடிப்பு விட்டால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், ராத்திரியாக இருந்தாலும் எழுப்ப வேண்டும். மலைப் பிள்ளைகளுக்குப் பட்டன் தைப்பதைவிட இது முக்கியம்.

மூணு_பிள்ளை_அப்பா

எல்லாம் படித்தேன். வாசிப்பு முதலில் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் ஒன்று கேட்கணும். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் ஆபீஸிலும் மலையாளம். என் பெரியவன் பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில் போர்டு வாசிக்கத் தெரியாமல் நின்றிருக்கிறான். இதுவும் வாழ்க்கைத் திறன்தானே?

எருத்தேம்பதி_டீச்சர்

கண்டிப்பாக அண்ணா, வாசிப்பும் திறனும் ஒன்றாகப் போகிற இடம் அதுதான். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, ரேஷன் கடை அறிவிப்பு, எல்லாவற்றையும் இரண்டு எழுத்திலும் வகுப்பில் வைக்கப் போகிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், பொள்ளாச்சி என்று அட்டையில் எழுதி, கண்டக்டர், பயணி என்று நடிக்க வைக்கலாம். உடம்புக்கு என்ன என்று டாக்டரிடம் மலையாளத்தில் சொல்வதையும் சேர்க்கலாம். மலையாளம் எடுக்கிற டீச்சரிடம் இன்று பேசினேன், நானே எடுக்கிறேன் என்றார். முதல் ஆள் கிடைத்துவிட்டார்.

சாரிடம் ஒரு கேள்வி. கோபத்தை எப்படிக் கையாள்வது? இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் விளையாட்டில் தோற்றால் அடுத்தவன் நோட்டைக் கிழிக்கிறான். வெளியே நிற்க வைத்தால் இன்னும் மோசமாகிறது.

வேலந்தாவளம்_சார்

கோபம் உச்சத்தில் இருக்கும்போது எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது டீச்சர், காதில் விழாது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள், கிழிக்கிற கையை மட்டும் தடுங்கள், பேசாதீர்கள். தணிந்த பிறகு, தோத்தது உனக்குக் கோபமா, வெட்கமா என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு வெட்கம்தான் கோபமாக வருகிறது. பிறகு கிழித்த நோட்டை அவனே பசை போட்டு ஒட்டிக் கொடுக்கட்டும். மன்னிப்புக் கேள் என்று எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். இன்னொன்று, தோற்பதற்குப் பழக்கம் வேண்டும். தாயம், பல்லாங்குழி மாதிரி ஆட்டம் தினம் ஆடட்டும். இன்று தோற்றவன் நாளை ஜெயிப்பான்.

கோவிந்தாபுரத்தான்

டீச்சர், பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் இதைப் பேசும்போது அந்த அட்டவணை விஷயத்தை முதலிலேயே வைத்துவிடுங்கள். யாராவது, எங்க பையன் கூட்ட மாட்டான் என்று எழுந்தால் என்ன செய்வீர்கள்?

எருத்தேம்பதி_டீச்சர்

முதல் நாள் கூட்டப் போவது நான், இரண்டாம் நாள் ஹெச்.எம். அவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். அதற்குப் பிறகும் மறுப்பவரிடம், பரிமாறுகிற முறையும் கூட்டுகிற முறையும் ஒரே சீட்டு, ஒன்றை விட்டால் இன்னொன்றும் இல்லை என்று சொல்லப் போகிறோம். உங்களையும் கூட்டத்தில் எதிர்பார்க்கிறேன், நீங்களே எழுந்து பேச வேண்டும்.

அப்புறம் ஒரு சின்னப் பிரச்சினை. கை கழுவும் இடத்தில் சோப்பு இரண்டு நாளில் கரைந்துபோகிறது, இல்லாவிட்டால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பஞ்சாயத்து மெம்பரிடம் மாசாமாசம் கேட்கவும் முடியவில்லை.

பி.ஹெச்.சி._சிஸ்டர்

வெங்காயம் வருகிற வலைப்பையை வெட்டி, சோப்பை உள்ளே போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஈரம் வடிந்துவிடும், கரையாது, காக்காவும் எடுக்காது. வலையோடு தேய்த்தாலே நுரை வரும். கட்டுகிற வேலையை நாலாம் வகுப்புக்குக் கொடுங்கள். நாய்க்கடிக்குக் கழுவிக் காட்டுவதையும் அந்தக் குழாயடியிலேயே வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை தடுப்பூசி நாள், என்னால் நகர முடியாது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன், எல்லா வகுப்பு டீச்சர்களையும் இருக்கச் சொல்லுங்கள்.